ஈரத்துணி

அன்புள்ள அம்மாவுக்கு ஸலாம். முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஜோர்டானின் இந்த அம்மான் நகரக் குளிர் பழகிவிட்டது.

மனச்சோர்வில் கிடப்பவர்களைக் களிமண் பிசையச் சொல்லவா இத்தனை படிப்பு என்று சிரிப்பீர்களே, போன வாரம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். எங்கள் மருத்துவமனையில் மாதக்கணக்கில் வாய் திறக்காத சிரியாக்காரி உம்மு நவ்ராஸ், அதற்கு முந்தின வாரம் களிமண்ணைக் கறி அடைத்த கிப்பே உருண்டைகளாகப் பிடித்துத் தட்டு நிறைய அடுக்கினாள். வழக்கம்போல அலமாரியில் காயவைத்தேன். போன வாரம் வந்து பார்த்தாள்.

“அடி கூறுகெட்டவளே, ஈரத்துணி போட்டு மூடமாட்டே? எல்லாம் வெடிச்சுக் கிடக்கு! பசங்க வந்தா எதைப் பொரிச்சுப் போடுவேன்? உங்கம்மா உனக்கு அடுப்படியே காட்டலியா?”

உங்களையும் விடவில்லை பாருங்கள்!

அவள் பேசிவிட்டாள் என்று பெரிய டாக்டர் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். குண்டு விழுந்து வீடு இடிந்த அன்றே அவள் பிள்ளைகள் போய்விட்டார்கள். நான் அவளிடம், “மன்னிச்சுக்குங்க பெரியம்மா, இனிமே மூடி வைக்கிறேன்” என்றேன். மறுபடி பிடித்து வைத்திருக்கிறாள். காலையும் மாலையும் துணியை நனைத்துப் போடுகிறேன்; சீக்கிரமே உலர்ந்துவிடுகிறது.

நீங்கள் மாவு மூடும் துணியை அனுப்புங்கள், அம்மா. கதவைத் தட்டுகிறார்கள், அவளாகத்தான் இருக்கும். புதுத் துணி வேண்டாம். அந்தப் பழையதையே, உங்கள் அடுப்படி வாசத்தோடு, துவைக்காமல் அனுப்புங்கள்.

உங்கள் உல்ஃபா