ஏழாவது குழிக்கு நான்கு

குள்ளச்சி,

நேற்று நீ கல்லூரிகளுக்கான கோல்ஃப் கோப்பையை வென்றபோது கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். பக்கத்திலிருந்தவர், "இந்த உசரத்துக்கு என்னமா அடிக்குது!" என்று வாயைப் பிளந்தார். "பதினோரு வயசுலயே இப்படித்தான் சார்," என்றேன், என்னவோ நானே பெற்று வளர்த்த மாதிரி.

அதைவிட எனக்குப் பிடித்தது பிறகு நடந்தது. உன்னோடு ஆடியவள் அழுதுகொண்டே மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடப் போனாள். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாய். "இருடி, எண்ணிப் பாத்துட்டுப் போடு. தப்பா இருந்தா ஆட்டத்தை விட்டே தூக்கிடுவாங்க."

அந்தப் பதினோரு வயதில், சிறுவர் போட்டியின் கடைசி நாளில், வழக்கம்போல உன் அடிகளை நானும் என் அடிகளை நீயும் அட்டையில் எழுதினோம். ஏழாவது குழியில் நீ ஐந்தாவது அடியில்தான் பந்தைப் போட்டாய். நான் நான்கு என்று எழுதிவிட்டேன். கைதவறித்தான். நீ என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டாய். உன்னை நீக்கினார்கள், கோப்பை எனக்கு வந்தது. இவ்வளவும் உனக்குத் தெரியும்.

நீ பேனாவை எடுப்பதற்கு முன்பே அந்தத் தப்பு என் கண்ணில் பட்டுவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

நேற்று எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். நானோ உள்ளங்கை சிவக்கச் சிவக்கக் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

உன் பழைய கூட்டாளி