அக்கரை நாற்காலி

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பென்சில் எழுதுகிறேன். காதில் செருகிய பென்சிலை ஆபீஸ் முழுக்கத் தேடுவானே, அவனேதான். உங்கள் விலாசத்தைப் பென்ஷன் பிரிவில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை படித்திருந்தால், மீதியையும் படித்துவிடுங்கள்.

எனக்கு முடி கொட்டிவிட்டது. இரண்டு பேத்திகள். முழங்கால் மாடிப்படியைக் கண்டாலே முனகுகிறது.

போன வாரம், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை பேச நம் ஆபீஸில் கூப்பிட்டிருந்தார்கள். அதே மூன்றாம் மாடி அறைதான். போர்ப் பயிற்சி நடத்தும் அந்தப் பெரிய மேசை போய்விட்டது. ஆற்றை நீலச் சுண்ணாம்பால் வரைந்து, இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் நீங்களும் உட்கார்ந்த இடத்தில் இப்போது சுவரளவு திரை. உங்கள் அக்கரை நாற்காலி மட்டும் மூலையில் கிடக்கிறது. ஆடும் காலுக்கு அடியில் நீங்கள் மடித்து வைத்த காகிதம்கூட அப்படியே இருக்கிறது.

பதினோரு வருடம் நீங்கள் அந்த நாற்காலியில், எதிரி என்ன செய்வான் என்று எங்களுக்குக் காட்ட, அக்கரை தேசமாகவே உட்கார்ந்திருந்தீர்கள். அவர்கள் ரேடியோவில் வானிலை முதல் மரண அறிவிப்பு வரை கேட்பீர்கள். ரயில் கால அட்டவணைகள் தலைகீழ்ப் பாடம். நான் வியர்க்க விறுவிறுக்கப் படையை எல்லைக்கு நகர்த்தி முடித்ததும், டீயை உறிஞ்சிக்கொண்டே, "தம்பி, உன் படை ஏறின ரயில் செவ்வாய்க்கிழமை ஓடாதுப்பா" என்பீர்கள். அறையே சிரிக்கும். எனக்கு அழுகையாக வரும். இப்போது அதை நினைத்தால் எவ்வளவு ஆசையாக இருக்கிறது தெரியுமா அக்கா?

நலமா என்று ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள்,
பென்சில்


மார்ச் 11

தம்பி பென்சிலுக்கு,

நலம். சர்க்கரை கொஞ்சம், கொழுப்பு நிறைய. அது உனக்கே தெரியும்.

இருபத்திரண்டு வருடம் வாய் திறக்காதவன் மூன்று பக்கம் நாற்காலியைப் பற்றி எழுதினால் நான் நம்பவேண்டுமா? அக்கரைக்காரன் காரணமில்லாமல் ஒரு லாரியைக்கூட நகர்த்தமாட்டான் என்று உனக்குச் சொன்னவளே நான்தானே. விஷயம் என்ன?

என்னை இந்த எல்லை ஊருக்கு மாற்றியபோது எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள். மழை அளக்கும் ஆபீஸில் பதினாறு வருடம். காலை எட்டரைக்குக் குழாயைத் திறந்து, மில்லிமீட்டரைக் குறித்து, தந்தி மாதிரி ஒரு வரி அனுப்பவேண்டும். நாட்டைக் காத்தவளை மழையைக் காக்க அனுப்பினார்கள் என்று நானே சிரித்துக்கொள்வேன். முதல் வருடம் மட்டும் சிரிப்பு வரவில்லை. கடைக்காரர் முதல் தபால்காரர் வரை, "இவங்கதானே அந்தம்மா?" என்று காதுபடக் கேட்டார்கள். ஆற்றங்கரை ஊரில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

என் ஜன்னலைத் திறந்தால் அக்கரை தெரிகிறது. பதினோரு வருடம் சுண்ணாம்பில் பார்த்ததை இப்போது கண்ணால் பார்க்கிறேன். நாம் நினைத்ததைவிட ஆறு அகலம் குறைவு.

நானும் அந்த அறையை நினைக்காத நாளில்லை. சுற்றி வளைக்காமல் எழுது.

அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

இத்துடன் ஒரு மஞ்சள் அட்டை வைத்திருக்கிறேன். பார்த்ததும் புரிந்திருக்கும். "இது பயிற்சி. இதில் 'நாங்கள்' என்பது அக்கரை." அந்த அறையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு அக்கரைத் தாளுக்கும் மேலே இது இருக்கவேண்டும் என்பது சட்டம்.

உங்கள் கடைசித் தாளைப் புது இயக்குநரிடம் கொண்டுபோனவன் நான். நகல் எடுக்கும் மிஷினில் தடித்த அட்டை சிக்கிக்கொள்ளும் என்று அதைக் கழற்றி மேசை டிராயரில் போட்டேன். திரும்ப வைக்க மறந்துவிட்டேன். அந்த மனிதர் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அட்டை இல்லாமல் உங்கள் கையெழுத்தில் எதைப் படித்தார்? "நாங்கள் ஆற்றைத் தாண்டப்போவதில்லை. இக்கரைக்காரர்களே எல்லையில் பள்ளியை மூடுவார்கள். ஆஸ்பத்திரிக்கு டாக்டர் போடமாட்டார்கள். பஸ்ஸைக் குறைப்பார்கள். நாங்கள் எங்கள் கரையில் ஓர் ஆஸ்பத்திரி கட்டி விளக்கைப் போட்டு வைப்போம். ஜனங்கள் தாங்களே படகு ஏறுவார்கள்." படித்துவிட்டு, "இந்தம்மா நமக்கு வேலை பாக்குதா, அவங்களுக்கா?" என்று கத்தினார்.

விசாரணையில் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "அட்டை இருந்துதா?" நான் "ஞாபகம் இல்ல சார்" என்றேன். டிராயரிலிருந்து எடுத்த அட்டை அப்போது என் பையில் இருந்தது.

கைக்குழந்தை இருந்தது, வேலை போய்விடும் என்று பயம். அது உண்மை. உங்கள் இடம் காலியானால் அடுத்தது நான்தான் என்று ஓர் ஓரத்தில் ஆசையும் இருந்தது. அதுவும் உண்மை. கிடைக்கவும் கிடைத்தது. அந்த நாற்காலியில் ஒரு நாள்கூட நிம்மதியாக உட்கார்ந்ததில்லை.

போன மாதம் அங்கே பேசப் போனபோது, ஓர் இளம் அதிகாரி உங்கள் தாளைத் திரையில் போட்டு, "உள்ள இருந்துகிட்டே செய்ற துரோகத்துக்கு இது ஒரு உதாரணம்" என்று பாடம் நடத்தினாள். தண்ணீர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை அக்கா. இரண்டாவது முறை.

மன்னித்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

பென்சில்


ஏப்ரல் 9

பென்சிலுக்கு,

மூன்று வாரம் பதில் போடவில்லை. கோபம்தான். வேறு காரணம் சொல்லமாட்டேன்.

அட்டை உன்னிடம் இருக்கும் என்று அன்றைக்கே தெரியும். அதற்கு ரயில் அட்டவணை படித்த மூளை வேண்டாம். நான் கொடுத்தபோது இருந்தது, போய்ச் சேர்ந்தபோது இல்லை, நடுவில் நீ.

இங்கே வந்த முதல் வருடம் மழை சரியாகப் பெய்யவில்லை. வேலை குறைவு. அப்போது ஒரு பயிற்சி செய்தேன். அதுதான் நான் செய்த கடைசிப் பயிற்சி. அக்கரைக்குப் பதில் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். வீட்டில் குழந்தை, வாடகை வீடு, எதிரே ஐந்து அதிகாரிகள். "அட்டை இருந்துதா?" என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எத்தனை முறை கேட்டாலும் "ஞாபகம் இல்ல" என்றுதான் நானும் சொன்னேன். அதனால் அதற்காக உன்னை எப்போதோ மன்னித்துவிட்டேன்.

ஆனால் உன் இடத்தில் இருந்த நான், மறுநாள் காலை அக்கா வீட்டுக்குப் போயிருப்பேன். பின்பக்கக் கதவு வழியாகவாவது போய், "அக்கா, தப்புப் பண்ணிட்டேன்" என்று சொல்லியிருப்பேன். சாமான்களைக் கட்டி லாரியில் ஏற்ற எனக்கு நான்கு நாள் ஆயிற்று. நான்கு நாளும் வாசலைப் பார்த்தேன். நீ ஏன் வரவில்லை என்பது மட்டும் உன் நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தும் எனக்குப் பிடிபடவில்லை. எனக்கு வலித்தது அந்த இயக்குநர் கத்தியது இல்லை தம்பி. அந்த நான்கு நாள்தான்.

அட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். அது பயிற்சி என்று எனக்குத் தெரியும், எனக்கு எதற்கு? தெரியாதவர்களிடம் கொண்டுபோய்க் கொடு.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

அட்டையை ஆபீஸில் கொடுத்துவிட்டேன். எல்லோர் முன்னாலும், நின்றுகொண்டே சொன்னேன். எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அன்று பாடம் நடத்திய அந்தப் பெண், "சார், இத்தனை வருஷமா ஏன்..." என்று பாதியில் நிறுத்திவிட்டாள். ஓய்வுபெற்றவர்கள் வரிசையில் சுவரில் இருக்கும் என் படத்தை இறக்கச் சொன்னேன். இறக்கினார்களோ என்னவோ.

பிறகு அவளே மஞ்சள் அட்டையை மேலே வைத்து உங்கள் தாளை முதலிலிருந்து படித்தாள். ஒருவர் உங்கள் எல்லை ஊர் ஆஸ்பத்திரியில் இப்போது டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அவள் நேரே மூலைக்குப் போய், உங்கள் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டாள்.

அந்த நான்கு நாளும் நான் உங்கள் தெருமுனை வரை வந்தேன். லாரி நின்றதைப் பார்த்தேன். திரும்பிப் போனேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் கிளம்புகிறேன். சொல்லாமல் வந்து நிற்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சொல்லாமல் எல்லைக்கு வருகிறவன் எதிரி என்று நீங்கள்தான் சொல்வீர்கள். அதனால் சொல்லிவிட்டு வருகிறேன். கதவைத் திறப்பது உங்கள் இஷ்டம்.

உங்கள் தம்பி


ஏப்ரல் 23
(தபால் அட்டை)

தம்பிக்கு,

கிளம்புவதற்கு முன்னால் கால அட்டவணையைப் பார் என்று பதினோரு வருடம் தொண்டை கிழியக் கத்தினேன். இன்னும் திருந்தவில்லை.

பத்து மணி பஸ்ஸை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. என் தாளில் நான்காவது வரி. ஏழே கால் பஸ் மட்டும்தான் இன்னும் ஓடுகிறது. அதையும் நிறுத்துவதற்குள் வந்து சேர்.

அக்கா