பதினோரு குரல், ஒரே மூட்டை

நாள் 412, 06:10
டைட்டன் நிலையம். எழுதுவது மரிய ஜெயந்தி, ஆவணப் பொறுப்பு. உள்ளே காற்றழுத்தம் சரி; ஆனால் மூச்சுக்காற்று இன்றிரவு வரைதான். வெளியே மைனஸ் 179 டிகிரி. கசிவு நடந்து ஒன்பது நாள். பன்னிரண்டு பேரில் நான் மட்டும் மிச்சம். மற்றப் பதினோரு பேரும் கடைசி மணி நேரத்தில் வீட்டாருக்குப் பேசிவைத்த பதிவுகளை இன்று பூமிக்கு அனுப்ப வேண்டும். அதில் ஒன்று என் கணவர் கிளாட்வினுடையது.

நாள் 412, 07:45
ஆண்டெனா பேட்டரி ஆறு மணி நேரம்தான் தாங்கும். கோப்புகளை ஜிப் முறையில் தனித்தனியாகச் சுருக்கினால் பத்துப் பதிவு போகும். இன்னும் இறுக்கிச் சுருக்கும் செவன்-ஜிப்பில் ஒரே மூட்டையாகக் கட்டினால் பதினொன்றும் போகும். எது நல்லது என்று நேற்றே கேட்டிருந்தேன். கட்டுப்பாட்டறையில் இருக்கும் சுயம்பு, கிளாட்வினின் சிநேகிதன், எனக்குக் கொழுந்தன் மாதிரி, பதில் அனுப்பியிருக்கிறான்:

"மைனி, ஜிப்லயே போடுங்க. தனித்தனிப் பொட்டலம், ஒண்ணு கெட்டாலும் மத்தது பொழைக்கும். நூறு வருசம் கழிச்சும் யாரும் தொறந்துக்கிடலாம். ஒரே மூட்டைன்னா, நடுவுல பழுதானா அதுக்குப் பொறவு உள்ளது பூராவும் போச்சு. ஒண்ண விட்டுருங்க. எதன்னு நீங்களே பாத்துக்கிடுங்க."

நாள் 412, 08:30
பந்தியில் வீட்டுக்காரர் கடைசியில்தான் உட்கார வேண்டும். இங்கே வீட்டுக்காரி நான். ஆக, விட வேண்டியது கிளாட்வினை.

மாட்டேன். எங்கள் மகள் ரீத்தா தினமும், "அப்பா பேசுனது எப்ப வரும்?" என்று கேட்டு அனுப்புகிறாள்.

சுயம்புவுக்கு, "யாரையும் விட மனம் வரவில்லை" என்று எழுதினேன். அடடா, பெரிய தர்மவதி! ஒருத்தரைத்தான் விட மனம் வரவில்லை. செவன்-ஜிப், ஒரே மூட்டை. கிளாட்வினைப் பதினோராவதாக வைத்தேன்.

நாள் 412, 15:20
அனுப்பியாயிற்று. பேட்டரியில் இனி சில வரி எழுத்து மட்டும் போகும்.

நாள் 412, 18:35
"மைனி, மூணாவதுல பழுது. மொத ரெண்டும் தொறந்துச்சு. மத்த ஒம்பதும் தொறக்கல. இன்னொருக்கா அனுப்ப முடியுமா? வீட்டுக்காரங்கல்லாம் இங்கதான் நிக்காவ. ரீத்தாவும் வந்திருக்கா."

முடியாதுடா.

ஜிப்பில் போட்டிருந்தால் இன்னும் ஏழு வீட்டுக்காரர்கள் இந்நேரம் தங்கள் பிள்ளைகளின் குரலைக் கேட்டிருப்பார்கள். பாவி நான், ஒருவரைக் காப்பாற்றப்போய் ஒன்பது பேரைத் தொலைத்தேன். பதிவுகள் இதோ என் முன்னால் நல்லபடியாக இருக்கின்றன. நான் மட்டும் கேட்கிறேன்.

நாள் 412, 21:50
ஒவ்வொரு பதிவிலிருந்தும் ஒரு வரி எடுத்து, பெயர் போட்டு அனுப்புகிறேன். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. ஒவ்வொன்றும் கிளம்பிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. மற்றவர்களை முடித்துவிட்டுத்தான் கிளாட்வின்.

எட்டு வரி போயிற்று.

நாள் 412, 22:04
ஒன்பதாவது போகவில்லை. பேட்டரி பூஜ்யம். மறுபடி அழுத்தினேன். மறுபடி.

இதைக் கண்டெடுப்பவருக்கு. அந்த வரி இது: "ஏட்டி ரீத்தா, அப்பாவுக்கு ஒண்ணுமே வலிக்கலட்டி."

அவளிடம் சொல்லிவிடுங்கள். ஒட்டப்பிடாரத்தில் என் தங்கை வீட்டில் இருப்பாள். முன்பல் இரண்டும் விழுந்திருக்கும். ஆறு வயது