மெலிந்த லேப்டாப், தடித்த சந்தேகம்

அன்புள்ள பெரியவளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் தங்கை மூவரும் நலம், என் வலது கட்டைவிரல் மட்டும் நலமில்லை. நீயும் நலம் என்றுதான் போனில் சொல்கிறாய், சொல்கிற வேகத்தைப் பார்த்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்வதா என்று யோசனையாக இருக்கிறது. விரலில் தையல் மெஷின் ஊசி இறங்கிவிட்டது, பயப்படாதே, அம்மா கட்டுப் போட்டிருக்கிறாள், மூன்று நாளில் பிரித்துவிடலாம் என்கிறாள். பேனா பிடிக்க முடியாததால் நான் சொல்லச் சொல்ல வாலு எழுதுகிறாள். சொன்னதை மட்டும் எழுது, ஒரு வார்த்தை கூட்டாதே என்று சொல்லியிருக்கிறேன். (அக்கா, நான் வாலு. கூட்ட மாட்டேன், அடைப்புக்குறிக்குள் பெருக்குவேன்.) டைப் அடித்து அனுப்பினால் எந்த வரி யாருடையது என்று தெரியாமல் போகும், அதனால் பேப்பரில் எழுதி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நான் இடது கையால் கையெழுத்துப் போட்டு, அதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புகிறோம். போனில் பேசினால் நீ ம், ம் என்று போட்டுவிட்டு மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். எழுத்துக்கு ம் போட முடியாது.

விஷயம் லேப்டாப்தான். போன வருஷம் நீ அனுப்பியபோது பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே வெறும் அட்டைதான் இருக்கிறது என்று நினைத்தேன், அவ்வளவு லேசு. இவ்வளவு ஒல்லியானது உழைக்குமா என்று அன்றைக்கே சந்தேகப்பட்டேன், நீ சிரித்தாய். ஆனால் சீட் கவருக்கான அளவுகளை அதில் வரைந்து, ரெக்ஸின் வெட்டித் தருகிற இடத்துக்கு அனுப்ப ஆரம்பித்த பிறகு பட்டறையில் என் முதுகுவலி பாதியாகக் குறைந்தது உண்மை. அதற்கு ஒரு கீறலும் விழக்கூடாது என்று, பஸ் சீட்டுக்குப் போடுகிற கறுப்பு ரெக்ஸினில் உள்ளே ஸ்பாஞ்ச் வைத்து, அடிப்பக்கமும் முதுகுப்பக்கமும் சட்டை போல ஒட்டிக்கொள்கிற மாதிரி இரட்டைத் தையல் போட்டு ஒரு உறை தைத்தேன், திறந்து வைத்து வேலை செய்தாலும் கழலாது. உனக்குப் படம்கூட அனுப்பினேன், நீயும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாய். (ரிமோட்டுக்குச் சட்டை, சோபாவுக்குச் சட்டை, தண்ணீர்க் கேனுக்குச் சட்டை. அசையாமல் உட்கார்ந்தால் எனக்கும் அளவெடுத்துவிடுவார். படிக்க உட்காராததற்கு இதுதான் காரணம் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.) இந்த மூன்று மாதமாக லேப்டாப் நத்தையாக ஊர்கிறது. எடுத்தவுடன் பத்து நிமிஷம் ஓடும், பிறகு படுத்துக்கொள்ளும், ஒரு கோடு இழுத்தால் கோடு வருவதற்குள் நான் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். உள்ளே இருக்கிற ஃபேன் மாத்திரம் பஸ் மேடேறுகிற மாதிரி இரைகிறது. முப்பத்தாறு சீட் பஸ் ஒன்றுக்குக் கவர் தைக்கிற வேலை கையில் இருக்கிறது, இதை நம்பிப் பயனில்லை என்று பழையபடி அட்டையில் வரைந்து கையால் வெட்டித் தைக்க அவசரப்பட்டதில்தான் விரல் போய் ஊசிக்குக் கீழே உட்கார்ந்தது. அதை உனக்குச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். (நான் இல்லை. சரி, நான்தான்.) நீ உடனே ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, ‘அப்பா, நான் வர்ற டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டு அந்தக் காசுல புதுசு ஒண்ணு வாங்கி அனுப்பிடறேன், சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க, அதுக்கப்புறம் கேன்சல் ஆகாது’ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். சனிக்கிழமைக்குள் இந்த லேப்டாப்புக்கே ஒரு வழி செய்ய முடியுமா என்று பார்க்கக் கிளம்பினேன். என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன், ஒரு வரி விடாமல் படி.

நான் முதலில் சந்தேகப்பட்டது உன் தங்கையைத்தான். மவுஸின் அடியில் கறுப்பு டேப் ஒட்டி வைத்தவள். திரையைப் படம் பிடித்து அந்தப் படத்தையே திரையில் போட்டு, நான் அரை நாள் வெறும் படத்தைக் கிளிக் செய்துகொண்டிருந்ததைக் கதவுக்குப் பின்னால் நின்று ரசித்தவள். இந்தத் தடவை சத்தியமாக நானில்லை என்றாள். அவள் சத்தியம் செய்தால் எனக்குச் சந்தேகம் இரண்டாகும். வேலை செய்யாத நேரமெல்லாம் லேப்டாப்பை அலமாரியில் பூட்டி இரண்டு நாள் சாவியை இடுப்பிலேயே வைத்திருந்தேன், அப்போதும் அது படுத்துத்தான் கிடந்தது. (இரண்டு நாள் விசாரணைக் கைதி. விடுதலை ஆனேனா என்று இதுவரை யாரும் அறிவிக்கவில்லை.)

பிறகு கடைத்தெருவில் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற கடைக்குப் போனேன், கண்ணாடியில் ப்ராசஸர் மாற்றித் தரப்படும் என்று எழுதியிருந்தது. ப்ராசஸர்தான் லேப்டாப்பின் மூளை, அதை மட்டும் பெரியதாக மாற்றினால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்று அந்த ஆள் போனிலேயே சொல்லியிருந்தான். போகிற இடத்தில் உறை அழுக்காகும் என்று அதை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு, லேப்டாப்பை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அடியில் இருக்கிற பத்துத் திருகாணிகளிலும் துணியில் குறி போடுகிற சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்திருந்தேன், எனக்குத் தெரியாமல் திறந்தால் புள்ளி கலைந்துவிடும். அங்கே அது, சும்மா சொல்லக்கூடாது, சுறுசுறுப்பாக ஓடியது. அதைப் பார்த்துவிட்டும் அவன், ‘ப்ராசஸர் தேஞ்சு போச்சு சார், மாத்திடலாம், ரெண்டு நாள் வெச்சிட்டுப் போங்க’ என்றான். தேய்வதென்றால் என்ன அர்த்தம். சீட் தேய்கிறது, ஆள் உட்கார்ந்து எழுந்திருக்கிறான். ப்ராசஸர் மேல் யாரப்பா உட்கார்ந்தது என்று கேட்டேன். ‘டெக்னிக்கலா அப்படித்தான் சார்’ என்றான். டெக்னிக்கலா என்று ஒருத்தன் ஆரம்பித்தால் நாம் பையை அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டிய நேரம் வந்துவிட்டது. எங்கள் தொழிலிலேயே பழைய ஸ்பாஞ்சுக்கு மேல் புது ரெக்ஸினைப் போட்டுப் புது சீட் என்று கொடுக்கிற ஆட்கள் உண்டு, மூடித் தைத்த பிறகு உட்காருகிறவனுக்கு என்ன தெரியும். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், என் கண்ணெதிரில் மாற்று என்றேன். ‘பாத்துக்கிட்டே இருந்தா கை ஓடாது சார்’ என்றான். என்னைச் சுற்றி நாலு டிரைவர்கள் நின்று அவசரப்படுத்தும்போதும் என் கை ஓடுகிறது. துண்டில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதே தெருக் கோடியில் ஒரு பெண் ஒற்றை மேஜை போட்டுக்கொண்டு ரிப்பேர் பார்க்கிறாள், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு. நான் கேட்காமலே அவள் எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, திருகாணிகளைக் கழற்றி, அடி மூடியைத் திறந்து காட்டினாள். ‘பாருங்க சார், இது மெல்லிசா இருக்கணும்னு எல்லாத்தையும் போர்டோட சேத்து ஈயத்தால ஒட்டிடறாங்க. கழட்டி மாட்ட இது பல்பு இல்ல. மாத்தணும்னா போர்டையே மாத்தணும், அதுக்கு நீங்க புதுசே வாங்கிடலாம். நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்கிறீங்க?’ என்றாள். நானும் குனிந்து பார்த்தேன், நகத்தளவு சில்லு, இழையோடு இழை சேர்த்து நெய்த மாதிரி போர்டோடு கிடக்கிறது, அதைப் பிரித்தால் துணியே கிழியும். அது மட்டும் எனக்குப் புரிந்தது. ஆனால் திரும்ப மூடிக் கொடுத்துவிட்டு ஒன்றும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றாள் பார், அங்கேதான் எனக்கு இடித்தது. வந்த வேலையை வேண்டாம் என்கிற கடைக்காரியை எதை வைத்து நம்புவது. (ஏமாற்றப் பார்த்தவன் மேலும் சந்தேகம், ஏமாற்றாதவள் மேலும் சந்தேகம். பாவம் அந்த அக்கா, ஒரு பத்து ரூபாயாவது ஏமாற்றியிருந்தால் அப்பா நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.)

வீட்டுக்கு வந்து உறையை மாட்டி, பஸ் சீட் படத்தைத் திறந்தேன். பழையபடி படுத்துவிட்டது. கடையில் நல்ல பிள்ளை, வீட்டுக்கு வந்தால் இப்படி. பள்ளிக்கூடத்தில் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு வீட்டில் ஆட்டம் போடுகிற ஒருத்தியை எனக்குத் தெரியும், அதனால் மறுபடி அவளைப் பார்த்தேன். வீட்டுக்கு வருகிற கரண்டைச் சந்தேகப்பட்டு வேறு பிளக்கில் செருகினேன், ஜன்னல் பக்கம் வைத்தேன், திசைகூட மாற்றி வைத்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா ஆஸ்பத்திரியில் காலை டூட்டி முடித்து வந்தாள். செருப்பைக் கழற்றியவள், நேராக வந்து புறங்கையை அதன் மேல் வைத்தாள், உங்கள் நெற்றியில் வைப்பாளே அந்த மாதிரி. ‘என்னங்க இது, இப்படிக் கொதிக்குது, இதுக்கு மேல போத்தி வேற வெச்சிருக்கீங்க. எங்க வார்டுல காய்ச்சல்னு வந்தா, மருந்து அப்புறம், மொதல்ல போர்வையைத்தான் எடுப்போம்’ என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

நான் பிளக்கைக் கழற்றி இன்னொரு தடவை மாட்டினேன். (இவ்வளவு சத்தமாக ஒருத்தர் பிளக் மாட்டி நான் பார்த்ததில்லை.) வாலுதான் உறையைக் கழற்றி லேப்டாப்பைக் கவிழ்த்துக் காட்டினாள். அடியில் சல்லடை மாதிரி சின்னச் சின்ன ஓட்டைகள் ஒரு வரிசை, அதன் வழியாகத்தான் அது காற்றை இழுக்கிறதாம். உறை தைக்கும்போது அந்த ஓட்டைகளை நானும் பார்த்தேன், தூசி போகுமே என்று அந்த இடத்தில் மட்டும் ஸ்பாஞ்சை ஒரு மடிப்பு அதிகமாக வைத்தேன். உறைப் படத்தை உனக்கு அனுப்பிய தேதியையும், லேப்டாப் படுத்துகிறது என்று நான் உனக்கு முதலில் சொன்ன தேதியையும் அவள் என் போனிலேயே எடுத்துக் காட்டினாள், நடுவில் நாலே நாள். கண்டுபிடித்தது வாலு என்பதால் அதையும் உடனே நம்பவில்லை. அவளைப் பக்கத்து அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம் ஓட விட்டு, ஒரே படத்தை உறையோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை என்று மூன்று முறை திறந்து பார்த்தேன். உறையோடு ஒன்பது நிமிஷம். உறை இல்லாமல் முக்கால் நிமிஷம். மூன்று முறையும் அப்படியேதான். (மூன்று மாதமாக அதன் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஏன்டா மூச்சு வாங்குகிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.) ஆகவே ப்ராசஸரை மாற்றப் போவதில்லை, மாற்றவும் முடியாது, மாற்றத் தேவையும் இல்லை. முப்பத்தாறு சீட்டின் படமும் நேற்று வெட்டுகிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தப் படிக்கட்டுக் கடைக்காரன் இரண்டு நாள் வைத்துக்கொண்டு என்னதான் செய்திருப்பான் என்பது மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். லேப்டாப் சந்தேகம் தீர்ந்தது, உன் மேல் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. இரண்டு வருஷமாக வருகிறேன் வருகிறேன் என்கிறாய், முதலில் ஆபீசில் லீவு இல்லை என்றாய், பிறகு கூடத் தங்கியிருக்கிற பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்றாய், இப்போது என் லேப்டாப். டிக்கெட்டை கேன்சல் செய்கிறேன் என்று நீ சொன்னபோது உன் குரலில் வருத்தம் கேட்கவில்லை, சுமையை இறக்கி வைத்த மாதிரி ஒரு மூச்சுத்தான் கேட்டது. என் காது தப்பாகக் கேட்டிருந்தால் சந்தோஷம். அங்கே வேலையில் ஏதாவது சிக்கலா, உடம்புக்கு ஏதாவதா, யாரையாவது மனதில் வைத்திருக்கிறாயா, இல்லை, வந்தால் அப்பா கேள்வி கேட்டே குடைவார் என்ற பயமா. முதல் மூன்றில் ஒன்று என்றால் நேரில் வந்து சொல், பார்த்துக்கொள்ளலாம். நாலாவது என்றால் அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். போன தடவை நீ வந்த ஆறு நாளும் எங்கே போகிறாய், போனில் யார், ஏன் கதவைச் சாத்தினாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பிள்ளையைக் கொஞ்சம் மூச்சு விட விடுங்கள் என்று அம்மா அப்போதே சொன்னாள், அது ஏதோ பேச்சுக்குச் சொல்கிறாள் என்று இருந்துவிட்டேன். இந்தத் தடவை ஒரு நாளைக்கு மூன்று கேள்விக்கு மேல் கேட்க மாட்டேன். (பத்தில் ஆரம்பித்தார். பேசிப் பேசி மூன்றுக்கு இறக்கியது நான். மீறினால் நான் விசில் ஊதுவேன், விசில் வாங்கியாகிவிட்டது.)

அதனால் டிக்கெட்டை கேன்சல் செய்யாதே. செய்யவில்லை என்று வாயால் சொன்னால் போதாது, டிக்கெட்டைப் படம் பிடித்து அனுப்பு, தேதி தெளிவாகத் தெரிய வேண்டும், பழைய டிக்கெட்டை அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவேன். உன் லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து வேலை செய்கிற பழக்கம் உனக்கு உண்டு, இன்றோடு விட்டுவிடு, மேஜை மேல் வை. வேளைக்குச் சாப்பிடு. அம்மா உனக்குத் தனியாகச் சொல்ல ஏதோ வைத்திருக்கிறாள், என்னவென்று கேட்டேன், சொல்லவில்லை, கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீ நினைத்ததெல்லாம் கை கூடி, உடம்பில் ஒரு குறையும் இல்லாமல், மனதில் ஒரு ஒளிவும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். சனிக்கிழமை மறக்காதே.

என்றும் உன் நல்லதையே நினைக்கிற,
அப்பா
(இடது கைக் கையெழுத்து, நான்தான் போட்டேன், சந்தேகம் வேண்டாம்)

அக்கா, கையெழுத்துக்குக் கீழே எழுதினால் செல்லாது என்பது அப்பாவின் சட்டம், அதனால் இதைச் செல்லாத செய்தியாகவே வைத்துக்கொள். நீ ஊருக்குப் போன மறுநாள் தூசி விழக்கூடாது என்று உன் கட்டிலுக்கு நாலு பக்கமும் இறக்கி ஒரு கவர் தைத்துப் போட்டாரே, என்னைக்கூட இத்தனை நாள் அதன் மேல் உட்கார விட்டதில்லை. நேற்று பட்டறையிலிருந்து வந்து, கட்டுப் போட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மீதி ஒன்பது விரலால் அதை அவரே கழற்றினார். மெத்தையை உதறிப் போட்டு, உன் அறை ஜன்னலையும் திறந்து வைத்திருக்கிறார். ஏன்ப்பா என்று கேட்டேன். லேப்டாப்புக்கு ஓட்டை விட்டு வேறு உறை தைக்கத் துணி வேண்டுமாம், அதற்காகத்தானாம். பட்டறையில் பதினோரு சுருள் துணி இருக்கிறது, அக்கா.