கை மிஷின்

பம்பாய்,
12.3.1984

அன்புள்ள அப்பாவுக்கு வேலுமணி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். மெத்தைக் கம்பெனியில் ஊசி விரலில் ஏறிவிட்டது. பயப்பட வேண்டாம், நகம் மட்டும்தான் போயிற்று.

உங்கள் மருமகள் பொன்னழகு வீட்டிலிருந்தே பழைய சேலைகளை அடுக்கிப் போர்வை தைக்கட்டும் என்றுதான் கால் மிஷின் வாங்கச் சொன்னேன். "பொம்பள காலாட்டிக்கிட்டுத் தைச்சா நல்லாவா இருக்கும்?" என்று எழுதிவிட்டு, கை மிஷின் வாங்கிவிட்டீர்கள். அம்மா இருபது வருஷம் உங்கள் தறியில் மிதிகட்டை மிதித்தாளே, அது மட்டும் நன்றாக இருந்ததா?

ஒரு கை சக்கரம் சுற்றினால், போர்வையின் அம்புட்டுக் கனத்தையும் மற்ற கையால் நகர்த்த முடியாது. எதிரே உட்கார்ந்து பிடிக்க ஆள் வேண்டும். நானோ இங்கே ஊரார் மெத்தையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

விரலில் சுற்ற அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையில் ஒரு துண்டு அனுப்புங்கள். கடைத்துணி உறுத்துகிறது.

கம்பெனிச் சங்கு ஊதிவிட்டது, வேலைக்குப் போக வேண்டும். பொன்னழகு தைக்கும்போது மறுமுனையை நீங்களே பிடியுங்கள்.

வேலுமணி