நான்காவது கையெழுத்து

என் பழைய நண்பனுக்கு,

நீ காலி செய்த குவார்ட்டர்ஸ் வீட்டில்தான் இப்போது நாங்கள் இருக்கிறோம். ஏசி, தண்ணீருக்கு நல்ல ஃபில்டர், ஒரு குறையும் இல்லை.

ஊருக்குப் போகும் குடிநீரில் ஈயம் கலந்திருப்பதை ஆய்வகத்தில் நாம் இருவரும்தான் கண்டுபிடித்தோம். 'குடிக்க உகந்தது' என்று மேலாளர் நீட்டிய அறிக்கையில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். நீ பேனாவை மூடி வைத்தாய். உனக்கு வேலையும் போனது, வீடும் போனது. நான்காவது கையெழுத்து என்னுடையது. அதற்குப் பிறகு வந்த அறிக்கைகளை நான் படித்துப் பார்ப்பதுகூட இல்லை.

கூடத்துச் சுவரில் உன் மகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்திருந்தாயே, மூன்று முறை பெயின்ட் அடித்தும் அந்தக் கோடுகள் எட்டிப் பார்க்கின்றன.

நேற்று என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சொன்னாள்: "கிளாஸ் ஜன்னலை என்கூடப் படிக்கிற பொண்ணு உடைக்கலைன்னு எனக்குத் தெரியும்ப்பா. எல்லாரும் அவளைக் கை காட்டினாங்க, நானும் காட்டிட்டேன்."

கண்டிக்க வாயெடுத்தேன்.

அதற்குள் என் மனைவி மகளின் தலையைக் கோதிவிட்டுப் பெருமையாகச் சிரித்தாள். "எந்த வம்புக்கும் போகமாட்டா. அப்படியே உங்களை உரிச்சு வெச்சிருக்கா."

இப்படிக்கு,
உன் எதிர் மேசைக்காரன்