இரண்டு பத்துக்கு வராத சத்தம்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. உன் அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம், அதுவும் மாடிப்படியைக் கண்டால்தான் முனகுகிறது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள், பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதா, கடிக்கிறானா என்று அம்மா கேட்கச் சொன்னாள். இதையெல்லாம் போனிலேயே கேட்கலாம். ஆனால் இந்த முறை உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, உன் குரலைக் கேட்டால் அதில் பாதியை விழுங்கிவிடுவேன், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

மேல்வீட்டு பேக்கரிப் பெண்ணைப் பற்றி நான் புலம்பியது பொறுக்காமல் நீ அங்கிருந்தே குடியிருப்பு வாரியத்துக்குப் புகார் அனுப்பினாய் அல்லவா, அதன்பேரில் என்னிடம் ஒரு தாள் கொடுத்தார்கள். தேதி, நேரம், என்ன தொந்தரவு, எவ்வளவு நேரம் என்று நான்கு கட்டம். பேருந்துப் பணிமனையில் முப்பத்துநான்கு வருஷம் நேரக்காப்பாளனாக உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதியவன் கையில் அப்படி ஒரு தாள் கிடைத்தால் கேட்கவா வேண்டும். மறுபடியும் வேலை கிடைத்த மாதிரி இருந்தது. தினமும் மதியம் இரண்டு பத்துக்கு மேல்வீட்டில் மேஜையை இழுப்பார்கள், பல் கூசுகிற மாதிரி ஒரு கிறீச், எனக்கு அப்போதுதான் கண் செருகியிருக்கும். எழுந்து நேரத்தைக் குறிப்பேன், குறித்த கையோடு ஒட்டடைக் குச்சியைத் திருப்பிப் பிடித்து மேலே நாலு இடி இடிப்பேன். இந்த இடி விஷயத்தை உன்னிடம் சொல்லவில்லை. சொல்லாதது இன்னொன்றும் உண்டு. பணிமனையில் எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம், நேரம் தவறாத வண்டி என்றால் அது வருவதற்கு முன்பே வந்ததாக எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். அதே கை, அதே புத்தி. கடைசி இரண்டு வாரம் திங்கட்கிழமையே ஞாயிறு வரைக்கும் இரண்டு பத்து, இரண்டு பத்து என்று நிரப்பி வைத்துவிட்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தூங்கினேன்.

போன மாதம் வாரிய அலுவலகத்தில் இரண்டு வீட்டாரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தார்கள். விசாரித்த அதிகாரி உன் வயதுப் பெண்தான். ஒட்டடைக் குச்சியைப் பற்றி மேல்வீட்டுப் பெண் சொன்னதும், அதிகாரி அதுவும் தொந்தரவுதான் ஐயா என்று என் பெயருக்கு நேராகவும் ஒன்று எழுதிக்கொண்டாள். பிறகு என் தாளை வாசித்தாள். நடுவில் மூன்று தேதிகளைக் கேட்டதும் அந்தப் பெண் தலையை நிமிர்த்தி, அந்த மூன்று நாளும் மகளுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இருந்தேன், வீடு பூட்டிக்கிடந்தது என்றாள். அதிகாரி என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது பாப்பா. விளங்கியும், முப்பத்துநான்கு வருஷத்தில் என் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை என்று சொன்னேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கவே அதிகாரியும் நம்பிவிட்டாள். ஏற்கெனவே மேல்வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு எச்சரிக்கை போயிருக்கிறது, மூன்றாவது வந்தால் தாயும் மகளும் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மட்டும் சொன்னேன். வராத பஸ்ஸுக்கு நேரம் போட்டுட்டு வந்திருக்கீங்க என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மேலே ஒரு சத்தமும் இல்லை. நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும், தூக்கமே வரவில்லை. போன புதன்கிழமை அவர்கள் கொடியிலிருந்து ஒரு துண்டு நம் பால்கனியில் விழுந்தது, அதைக் கொடுக்கிற சாக்கில் மேலே ஏறினேன். ஒரே அறை, அதை அடைத்துக்கொண்டு பெரிய மேஜை, நான்கு காலுக்கும் பழைய காலுறைகளை மாட்டிக் கட்டியிருந்தார்கள். விடிவதற்கு முன்பே பேக்கரிக்குப் போய் இரண்டு மணிக்குத் திரும்புகிறவள், மேஜையை ஓரமாக இழுத்தால்தான் படுக்கை விரிக்க இடம். அதைத்தான் நான் தினமும் எழுதியிருக்கிறேன். அவள் கோபமே இல்லாமல் சொன்னாள், "இருபது நாளா மேஜையை நகர்த்தவே இல்ல சார். அதுக்கு அடியிலயே படுத்துக்கறேன்." வாசலில் நின்றபடியே அந்த மூன்று நாள் கதையைச் சொல்லி, தப்பு என்னுடையதுதான் என்றேன். அவள் துண்டை வாங்கிக்கொண்டு, "என்கிட்ட சொல்லி என்ன சார். ஆபீஸ்ல சொல்லுங்க" என்றாள்.

மறுநாளே போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் புகார் உன் பெயரில், உன் மெயிலில் வந்ததாம், நீயே எழுதினால்தான் திரும்பப் பெற முடியுமாம். மூன்றாவது எச்சரிக்கை உண்டா இல்லையா என்று பதினெட்டாம் தேதி கூட்டத்தில் முடிவு செய்கிறார்கள், அதற்குள் உன் மெயில் போய்ச் சேர வேண்டும். அப்பா தவறாக எழுதினார் என்றே எழுது, வயதானவர், மறதி என்று பூசி மெழுகாதே. உன் அப்பாவை நம்பி நீ எழுதினாய், உன்னையும் இதில் இழுத்துவிட்டேன், அது ஒன்றுதான் மனதைக் குடைகிறது. இன்னொன்று, பேரன் நடக்க ஆரம்பித்ததும் கீழ்வீட்டாரிடம் நீயே முதலில் போய் இரண்டு வார்த்தை பேசி வை, தாள் வரைக்கும் போக விடாதே. ஒட்டடைக் குச்சி இடித்துப் பெயர்ந்த காரையை நான்தான் பூசிக்கொண்டிருக்கிறேன், கழுத்து பிடித்துக்கொண்டது, அம்மாவுக்கு அதில் ஒரு திருப்தி. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு, பேரனுக்கு முத்தங்கள், மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். பதினெட்டை மறந்துவிடாதே.

உன் மெயிலுக்காகக் காத்திருக்கும்
அப்பா

பி.கு.: மணி இரண்டு இருபத்தைந்து. இன்றும் மேஜை நகரவில்லை. இதைக் காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.